கட்டட அநுமதியும் கிராமத்தின் ஆயுளும்
(கிராமாபிவிருத்திக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கிராமம் க்ஷீணிப்பதற்குக் காரணம் யாதெனில், மழையின்மை, கடன், தொழிலின்மை என்பர் பலர். காகிதத்தில் எழுதிய ஓர் உத்தரவும் கிராமத்தை அழிக்க வல்லது. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் ஜில்லாவின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

அந்நாட்டில் 1947-ஆம் வருஷத்து நகர, கிராம அமைப்புச் சட்டத்தின் பிரகாரம், 1948 ஜூலை 1-ந் தேதி முதல் சொந்த நிலத்தில் வீடு கட்டுவதற்கும் ஸ்தல அதிகாரிகளின் அநுமதி அவசியமாயிற்று. நகரங்கள் வரம்பின்றிப் பரவி வயல்களை விழுங்காவண்ணம் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நல்லதே.

டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகுந்த ஜில்லா. சுரங்கத்தை நம்பிப் பிறந்த ஊர்கள் அங்கே அநேகம். கரி குறைந்து சுரங்கங்கள் மூடவே, 1951-ல் அந்த ஜில்லாச் சபையார் தங்கள் திட்டத்தில் ஊர்களை ஏ, பி, ஸி, டி என நான்கு வகுப்பாகப் பிரித்தனர். டி வகுப்பில் விழுந்தவை 114; பிற்பாடு அத்தொகை 121 ஆயிற்று. அவ்வூர்களில் பெருஞ் செலவில் வசதி எதுவும் செய்வதில்லை. புது வீடுகளுக்கு இடமில்லை. பழைய வீடுகள் காலியாகக் காலியாக இடிக்கப்படும். ஜனங்கள் பீட்டர்லீ, நியூட்டன் அய்க்ளிஃப் போன்ற புதிய நகரங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் குடிபெயர வேண்டும். சபையாருக்குக் கெட்ட எண்ணமில்லை. தொழில் போன ஊரில் பணத்தைப் போடுவது வீண் என்றும், புது இடத்தில் நல்ல வீடும் வேலையும் கிடைக்குமென்றும் கருதினர். ஆனால் கிராமத்தாரின் சம்மதத்தைப் பெற்று அவர்கள் இதைச் செய்யவில்லை.

வீடு கட்ட வழியற்ற ஊரில், விவாகமான இளைஞர் வெளியேறுவர். குழந்தைகள் குறையப் பள்ளிக்கூடம் மெலியும். வாங்குவோர் குறையக் கடை மூடப்படும். பின்பு, "பள்ளியும் கடையும் இல்லாத ஊருக்கு வீடு எதற்கு?" என்ற கேள்வி எழும். நீர் விடாமல் செடியை வாட்டிவிட்டு, வாடிய செடிக்கு நீர் எதற்கு என்பது போன்றதே இது.

சில ஊர்கள் அடியோடு மறைந்தன. விட்டன் பார்க் முதலிய ஊரார் விடாது எதிர்த்து நின்றனர். வீடுகள் பல இடிபட்டும் அவ்வூர் பிழைத்தது. 1977-ல் அக்கொள்கை கைவிடப்பட்டது. ஆயினும் அதன் தர்க்கம் ஒழியவில்லை. 2008-ல் பார்லிமெண்டு அங்கத்தினர் மாத்யூ டெய்லர் சர்க்காருக்குச் சமர்ப்பித்த அறிக்கை, வசதி குறைந்த ஊர் என்று சொல்லியே வீடுகளை மறுப்பதால் அவ்வூர் மேலும் தேய்கிறதென்று எடுத்துக்காட்டியது.

பரிகாரமும் அந்நாட்டிலேயே உண்டு. வழக்கமாக அநுமதி கிடையாத ஊரோர நிலத்தில், முக்கியமாக அவ்வூருடன் சம்பந்தமுள்ள எளியவர்க்கென்று சில வீடுகள் கட்ட விதிவிலக்காக இடங்கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும் சந்தை விலைக்கு வீடு விற்க முடியாதாகையால், அந்நிலம் மனைவிலைக்கு ஏறாமல் மலிவாகக் கிடைக்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு வீடு தேவை என்று முன்னதாகக் கணக்கெடுப்பதும் உண்டு. ஊரார் அங்கத்தினராகச் சேர்ந்து, லாபத்தை ஊருக்கே செலவிடும் சமூக நில தர்மஸ்தாபனங்களுக்கு 2008-ஆம் வருஷத்துச் சட்டம் இலக்கணம் வகுத்தது. இது ஐக்கிய இயக்கத்தின் தத்துவமே.

ஆகவே, கேட்டவர்க்கெல்லாம் அநுமதி என்பதும் தவறு. ஒருவர்க்கும் இல்லை என்பதும் தவறு. விளைநிலத்தைக் காப்பது போலவே, அதை உழுபவனுடைய மகன் ஊரில் குடியிருப்பதையும் காக்க வேண்டும். வீட்டுக்கு ஏங்கும் குடும்பங்கள் எத்தனை, அதற்குத் தக்க நிலம் எது என்று கிராமத்தார் ஒன்றுகூடிக் கணக்கிட்டு வைத்திருப்பாராயின், அவர்களைக் கேளாமல் அவர்கள் ஊரின் ஆயுளை எவரும் எளிதில் நிர்ணயிக்க இயலாது.