செங்கோலும் வாக்காளர் இடாப்பும்

(தெஹியோவிட்டையில் நிகழ்த்திய உரை)



பாராளுமன்றம் கூடும்போது படைக்கலச் சேவிதர் செங்கோலை ஏந்தி முன்னே வருவார். சபாநாயகர் பின்னே வருவார். செங்கோல் அதற்குரிய இடத்தில் அமர்ந்த பின்னரே சபை சபையாகும். கருங்காலித் தண்டும், வெள்ளியும், பொன்னும், நம் சப்ரகமுவ மண்ணிலும் கிடைக்கின்ற நீலக்கல்லும் கொண்டு இயற்றப்பட்ட அச்செங்கோலைப் பிரித்தானிய மக்கள் சபை 1949 சனவரி 11ஆம் நாள் இலங்கைக்கு வழங்கியது.

செங்கோல் வந்த அதே ஆண்டில் நம் மக்களின் வாக்குரிமை போயிற்று. இதனை நாம் மறத்தலாகாது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். சபாநாயகர் பீடத்தில் நம் மாகாணத்துப் பலாங்கொடை உறுப்பினர் சேர் பிரான்சிஸ் மொலமூறே அமர்ந்தார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. பிரசையல்லாதார்க்கு வாக்கில்லை என்று 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் கூறியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த எழுவர் இடத்தில் ஒருவரேனும் இல்லை. செங்கோல் இருந்தது, சேவிதர் இருந்தார், சடங்கு ஒன்றேனும் குறையவில்லை. குறைந்தவர்கள் நாம்தாம்.

நீதிமன்றத்தை நாடவில்லையா என்று கேட்பீர்கள். நாடினோம். நாடியவரும் இக்கேகாலை மாவட்டத்தவரே. கொடக்கன்பிள்ளை என்பார் தம் பெயரை றுவன்வெல்லைத் தொகுதி இடாப்பிற் சேர்க்குமாறு 1950இல் விண்ணப்பித்தார். பதிவதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரியோ, ஓரினத்தாரை மட்டும் தாழ்த்தும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்று கண்டு, அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் நம்மைக் கைவிட்டது. பிரசைகள் யாவர் என்று வகுப்பது பாராளுமன்றத்தின் அதிகாரம் என்பதே அதன் முடிவு.

அத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அது கற்பித்த பாடத்தை ஏற்கவேண்டும். பாராளுமன்றம் பறித்ததைப் பாராளுமன்றமே திருப்பித் தரவேண்டியிருந்தது. அதற்கோ அரைநூற்றாண்டு சென்றது! இடையில் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்தது. எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்ற பெயர் நம்மை விட்டு நீங்கிற்று.

ஆகவே கூறுகிறோம்: இன்று உங்கள் கையிலுள்ள வாக்கு யாரும் இட்ட பிச்சையன்று. கேகாலை மாவட்டம் 9 உறுப்பினரைத் தெரிவுசெய்கிறது. ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்புத் திருத்தப்படும்போது, ஒவ்வொரு லயத்திலும் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கிராம அலுவலரிடம் செல்லுங்கள். ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே! படிவம் நிரப்பத் தெரியாத தாய்க்கு உங்கள் பேனாவைக் கொடுங்கள். இதைவிடப் பெரிய தொண்டை நாம் உங்களிடம் கேட்கவில்லை.

வாக்குக் கேட்டு வருகிறவரை மாலையிட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நாம் வாழும் லயத்துக்கும் உழுத நிலத்துக்கும் உறுதி எங்கே என்று கேட்டு அனுப்புங்கள்.

செங்கோலைச் சுமப்பவர் சேவிதர். அச்சபையையே சுமப்பவர்கள் நீங்கள். உங்கள் பெயர் இடாப்பில் இல்லாதவரை, அம்மேசைமீதுள்ள பொன்னும் நீலமும் நமக்கு வெறும் அணிகலனே!