முற்றத்து மழைநீர்



புணே நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதிற் பாதியளவே. ஆயினும், தோட்டமும் முற்றமும் உடைய வீடுகளில் இங்கு வாழும் நம்மவர், பருவமழை தொடங்கியதும் சொல்லும் குறை ஒன்று உண்டு: கல் பாவிய இடத்தில் நீர் தேங்குகிறது என்பதே அது. தேங்கிய நீரில் பாசி படர்கிறது. முதியோர் வழுக்கி விழுகின்றனர். ஒரு வாரம் நின்றாலே டெங்குக் கொசு அதிற் பிறந்து பறக்கும். நீர் சுவரோரம் இறங்குமாயின் அடித்தளத்துக்கும் கேடு.

குறையின் மூலம் பெரும்பாலும் மேலே இல்லை, கீழே இருக்கிறது. இந்நகரின் பல பகுதிகளில் நிலம் கரிசல். மழையில் அது பருத்துக் கல்லைத் தூக்கும். கோடையில் சுருங்கிக் கல்லை அமிழ்த்தும். ஷகாபாத் கல்லைச் சமமாகப் பாவி, இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், சில ஆண்டுகளில் நடுவே பள்ளம் விழுவது இயல்பு.

பள்ளத்தின் மீது மெல்லிய சிமெண்டுப் பூச்சிட்டு நிரப்புவோர் பலர். அப்பூச்சு விரைவில் வெடித்துப் பெயர்ந்துவிடும். செய்யத்தக்கது வேறு. மழை ஓய்ந்தவுடன், தேங்கிய நீரின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்தல் வேண்டும். அக்கோட்டுக்குள் அமைந்த கற்களை மட்டும் பின்னர்ப் பெயர்த்து, அடியிலுள்ள கரிசலை ஒரு சாணுக்குக் குறையாமல் அகற்றி, இங்கு 'முரும்' என வழங்கும் சரளை மண்ணைச் சிறு சிறு படையாகக் கொட்டி, நீர் தெளித்து இடித்து இறுக்குதல் வேண்டும். அதன்மேல் மணல் பரப்பிக் கற்களை மீண்டும் அமைக்கலாம்.

அமைக்கும்போது மறவாது கவனிக்க வேண்டுவது வாட்டம். வீட்டுச் சுவரினின்று அப்பால் நோக்கி, 60 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு தாழ்வு போதும். அதாவது 3 மீட்டர் முற்றத்துக்கு 5 செண்டிமீட்டர். கண்ணை நம்பவேண்டா. நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் பிடித்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும். வாட்டத்தை மராத்தியக் கொத்தர் 'உதார்' என்பர். நம் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்று நகைத்து விடாமல், வேலைக்கு முன்பே எவ்வளவு உதார் என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நலம்.

வாட்டத்தின் ஆற்றலை இந்நகரே நமக்குக் கற்பிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜ் ஏரியினின்று நகருக்கு நிலத்தடிக் கால்வாய் அமைத்தார். எந்திரம் எதுவுமின்றி, நிலத்தின் சரிவு ஒன்றையே துணைகொண்டு, பல கிலோமீட்டர் கடந்து நீர் பொதுத்தொட்டிகளை அடைந்தது.

இனி, வழிந்த நீர் எங்கே செல்வது? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். இதனைக் கழிவுநீர்க் குழாயில் விடுவோமாயின், குழாய் நிறைந்து கழிவு பின்னோக்கி நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பொங்கும். முற்றத்தின் தாழ்ந்த விளிம்பில் சிறு வாய்க்கால் அமைத்து, மண் படிய ஒரு தொட்டி வைத்து, அங்கிருந்து தோட்டப் பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ நீரைச் செலுத்துதல் வேண்டும். கரிசல் நீரை எளிதில் உட்கொள்ளாது. ஆதலால் குழி முரும் படிவத்தைத் தொடும் ஆழம் இருத்தல் நலம். வாளிகளில் நீரூற்றி, அது வடிகிறதா என்று முதலிற் சோதிக்கலாம். வீட்டுச் சுவரையும் மதிற்சுவரையும் விட்டுக் குழி விலகியே இருக்கவேண்டும்.

மதிற்சுவரைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், புணேயின் கோந்த்வாப் பகுதியில், மழையினிடையே குடியிருப்பு ஒன்றின் மதில் சரிந்து, அதனை அடுத்துக் குடிசைகளில் உறங்கிய கட்டடத் தொழிலாளர் குடும்பத்தினர் 15 பேர் மாண்டனர். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வெளி மாநிலத்தினின்று வந்தோர். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு ஆம்பில் ஓடை பெருகி உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவற்றுக்கு ஒரு வீட்டு முற்றம் காரணமன்று. ஆயினும், ஈரம் ஊறிய மண் சுவரை எப்படி நெருக்கும் என்பதையும், வீடுதோறும் வெளியே தள்ளிய நீர் இறுதியில் எவர் வாயிலை அடையும் என்பதையும் நாம் நினைந்து பார்த்தல் தகும்.

நம் ஊர்களில் ஐப்பசி மழைக்குப் புரட்டாசியில் ஆயத்தம் செய்வோம். இங்கே வைகாசிக்குள் பணி முடியவேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரிடமும், அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்திடமும், சுண்ணக் கோடிட்ட இடத்தை மழை நாளிலேயே காட்டிவிடுதல் சிறந்தது. கோடையிற் சொன்னால் எவரும் நம்பார். நம் முற்றத்து நீரை நம் நிலத்திலேயே இயன்றவரை ஏற்பதுதான், நாம் குடியேறிய ஊருக்கு நாம் செய்யக்கூடிய எளிய நன்மை.