தலைவருக்குப் பிந்தைய ஆண்டுகள்



1882 மே 30 அன்று பாஸ்டன் நகரில், இதே போன்றதொரு பட்டமளிப்பு மேடையில், வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். இன்று எம்.ஐ.டி. என்று உலகம் அறியும் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1861இல் சாசனம் பெற்று, 1865இல் 15 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியவர் அவர். அவருக்கு அடுத்துத் தலைவரான பிரான்சிஸ் வாக்கர் 1897 ஜனவரியிலும், கழகத்தைக் கேம்பிரிட்ஜில் புதிய வளாகத்துக்குக் கொண்டுசென்ற ரிச்சர்ட் மெக்லாரின் 1920 ஜனவரியிலும் பதவியில் இருக்கும்போதே காலமானார்கள். நாற்பது ஆண்டுக்குள் இத்தனை இழப்புகள் நேர்ந்தும் அந்தக் கழகம் நிலைத்தது. அதன் அறிவு தலைவரின் அறையில் பூட்டிக் கிடக்கவில்லை, பிறர் எடுத்து நடத்தக்கூடிய பாடமாகவும் ஆய்வகப் பயிற்சியாகவும் மாறியிருந்தது என்பதே இதற்கு நான் காணும் காரணம்.

மாணவன் தன் கையாலேயே சோதனை செய்து கற்க வேண்டும் என்பது ராஜர்ஸின் திட்டம். அதன்படி இயற்பியல் ஆய்வகத்தை அமைத்த எட்வர்டு பிக்கரிங், 1877இல் ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் போய்விட்டார். ஆய்வகத்தைச் சார்லஸ் கிராஸ் ஏற்றார். ராஜர்ஸ் இறந்த அதே 1882இல் மின்பொறியியல் படிப்பு அங்கிருந்துதான் முளைத்தது. வேதிப்பொறியியல் கதை இதைவிடக் கூர்மையானது. 1888இல் அதற்கென நான்காண்டுப் பாடத்திட்டம் வகுத்த லூயிஸ் நார்ட்டன், ஐந்தே ஆண்டில், நாற்பது வயதை எட்டும் முன்பே மறைந்தார். பாடத்திட்டம் தாளில் இருந்தது. ஃபிராங்க் தோர்ப் தொடர்ந்து நடத்தினார். நார்ட்டன் அதைத் தன் நினைவில் மட்டும் வைத்திருந்தால் அந்தத் துறை அவரோடு போயிருக்கும்.

பணம் இருந்தது, பிழைத்தது, இதில் என்ன பெரிய தத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் பெயரை மறைத்து, 'திருவாளர் ஸ்மித்' என்ற புனைபெயரில் கோடிக்கணக்கில் கொடுத்தார். ஆனால் ஈஸ்ட்மன் அங்கே படித்தவர் அல்லர். தம் தொழிற்சாலையில் வேலை பார்த்த அந்தக் கழகத்துப் பொறியாளர்களின் திறத்தைக் கண்டுதான் அவர் மனம் அந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பணத்தையும் ஈட்டித் தந்தது கற்பித்தல்தான்.

இன்னொரு மறுப்புக்கு எளிதில் விடை சொல்ல முடியாது. மெக்லாரினுக்குப் பின் பத்தாண்டுகள் கழகம் தொழில் நிறுவனங்களின் உடனடித் தேவைகளையே அதிகம் கவனித்தது. அடிப்படை அறிவியல் பின்தங்கியது. 1930இல் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் தலைவராக வந்த பிறகே அது சீரானது. ஆகவே தலைமை தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தலைவர் மறைந்தால் திசை தடுமாறும். ஆயினும் அதே தடுமாற்றக் காலத்தில்தான், 1923இல், அங்கே பணியாற்றிய வாக்கர், லூயிஸ், மெக்காடம்ஸ் மூவரும் வேதிப்பொறியியலுக்கு அடித்தளமான பாடநூலை வெளியிட்டார்கள். (இந்த வாக்கர் வேறொருவர், 1897இல் மறைந்தவர் அல்லர்.) மேலிடம் தள்ளாடியபோதும் துறைகளில் வேலை நடந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழகத்தின் தனித்த வாழ்வுக்குப் பெரிய ஆபத்து ஒரு சாவினால் வரவில்லை; நலமாக இருந்த ஒரு தலைவரால் வந்தது. ஹென்றி பிரிட்செட் ஹார்வர்டுடன் கழகத்தை இணைக்க முனைந்தார். 1905இல் ஆட்சிக்குழுவும் ஒப்புக்கொண்டது. பேராசிரியர்களில் பெரும்பாலோரும், அங்கே பட்டம் வாங்கிச் சென்ற பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு மட்டுமே அதைத் தடுத்தது என்று சொன்னால் மிகையாகும். இணைப்புக்காகக் கழகத்தின் பாஸ்டன் நிலத்தை விற்க முடியாது என்ற நீதிமன்றத் தீர்ப்புதான் அந்த முயற்சியை முடித்துவைத்தது. ஆனால் எந்தப் பதவியும் இல்லாத, கையில் பட்டம் மட்டுமே இருந்த அந்தப் பழைய மாணவர்கள், கழகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நினைத்தார்கள். பிரிட்செட் 1907இல் பதவியை விட்டுப் போனார்.