தொண்ணூறாம் நாள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் விருந்தும் நிறைந்த இந்நன்னாளில் பாரிசவாயுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே, இது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டு முழுவதும் தனித்தனியே வாழும் நம் குடும்பங்கள் ஒருங்கே கூடும் நாள் இஃது ஒன்றே. எல்லாக் குடும்பங்களும் கேட்க வேண்டிய செய்தியை வேறு எந்நாளில் சொல்வது? ஆதலின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

மேலும், அறிவியற் செய்தி ஜாதவ்பூர்த் தமிழர்க்குப் புதிதன்று. நம் தெருக்களுக்கு அண்மையில் இருக்கும் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தை 1876இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்க மருத்துவர். அக்கழகம் பௌபஜாரில் இருந்த காலத்தில், 1928இல், அங்கே ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். வங்க மருத்துவர் ஒருவர் கட்டிய சாலையில் தமிழர் ஒருவர் விளக்கேற்றினார். அந்த மரபில் வந்த நமக்கு மருத்துவச் செய்தி கசக்காது என நம்புகிறோம்.

நமக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் நிகழ்ந்தவற்றை முதலிற் கூறுவோம்.

முதல் வீட்டில், காலை ஆறரை மணிக்குக் காப்பி அருந்திக்கொண்டிருந்த அம்மையாரின் கையிலிருந்து டம்ளர் நழுவிற்று. வாய் ஒருபுறம் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. மருமகள் உடனே கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டாள். எதிர்வீட்டு வங்காளி அன்பரின் காரில் மாமியாரை ஏற்றி, ஏழேகால் மணிக்கு மருத்துவமனை வாயிலை அடைந்தாள்.

இரண்டாம் வீட்டில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குக் காலை பத்து மணிக்கு வலக்கையும் வலக்காலும் ஓய்ந்தன, பேச்சு நின்றது. அருகில் இருந்தவர் அவருடைய துணைவியார் ஒருவரே. வாயுப்பிடிப்பு என்று கருதித் தைலம் தேய்த்தார். அலுவலகம் சென்ற மகன் வரட்டும் என்று காத்திருந்தார். மாலையில் மகன் வந்து அழைத்துச் சென்ற முதல் மருத்துவமனையில் இதற்குரிய வசதி இல்லை. இரண்டாம் இடத்தை அடைந்தபோது இரவாகிவிட்டது. "எப்பொழுது தொடங்கிற்று?" என்று மருத்துவர் கேட்டார். பார்த்தவர் அம்மையார், அவருக்கு வங்காளம் தெரியாது. வங்காளம் தெரிந்தவர் மகன், அவர் பார்க்கவில்லை. மூளையின் அப்பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டதாகப் படம் காட்டிற்று.

தொண்ணூறாம் நாளில் முதல் வீட்டு அம்மையார் தாமே லேக் மார்க்கெட் சென்று வெற்றிலை வாங்கி வந்தார். இரண்டாம் வீட்டுப் பெரியவர் கட்டிலில் இருந்தார். அவரைப் பிறர் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. இருவர் நோயும் முற்றும் ஒன்றல்ல. வயதும் வேறு, அடைப்பின் இடமும் வேறு. எனவே அந்தத் துணைவியார் மீது குற்றம் சுமத்த எவர்க்கும் உரிமையில்லை. அவருக்கு இதைப்பற்றி எவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களுள் நாமும் ஒருவர். இன்றைய பேச்சுக்கு அதுவே காரணம்.

பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் ஸ்ட்ரோக் என்றும் வழங்குவது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதால், அல்லது மூளையில் இரத்தக் கசிவு ஏற்படுவதால் வருவது. அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது, சி.டி. ஸ்கேன் படமே காட்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். ஆதலின் வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பது தவறு.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தின் பயனை 1995இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி நிலைநாட்டிற்று. நோய் தொடங்கி மூன்று மணிக்குள் போட வேண்டும் என்றிருந்த எல்லை, 2008இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியின் பின் நாலரை மணியாக நீண்டது. ஆயினும் பெரிய குழாயை அடைத்த பெரிய கட்டியைக் கரைக்க இவ்வூசி பல வேளைகளில் போதுவதில்லை. அதற்குக் கண்ட வழியே குழாய்வழிச் சிகிச்சை. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளை வரை கொண்டுசென்று, கம்பிவலையினால் கட்டியைப் பற்றி இழுத்தோ உறிஞ்சியோ எடுத்துவிடுகின்றனர். மண்டையைத் திறக்க வேண்டுவதில்லை.

இச்சிகிச்சை எளிதில் புகழ் பெறவில்லை. 2013இல் வெளியான மூன்று ஆராய்ச்சிகள், இதனால் கூடுதற் பயன் இல்லை என்றே கூறின. அக்காலத்துக் கருவிகள் பழையவை. பெரிய குழாய் உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று படத்தில் உறுதி செய்யாமலே பலரைச் சேர்த்திருந்தனர். மருத்துவர்கள் மனம் தளரவில்லை. கருவியைத் திருத்தினர், நோயாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் திருத்தினர். 2015இல் நெதர்லாந்து நாட்டின் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு வந்தது. அவ்வாண்டிலேயே வேறு நான்கு ஆராய்ச்சிகளும் அதனை வழிமொழிந்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெற்றி என்று எதைச் சொல்வது? அடைப்பு நீங்கி இரத்தம் பாய்வதைத் திரையில் கண்டவுடன் மருத்துவர் மகிழ்கிறார். ஆனால் குடும்பத்தார்க்கு வேண்டியது குழாய் திறந்த செய்தி மட்டுமன்று. அப்பா எழுந்து நடப்பாரா, அம்மா தம் பெயரைச் சொல்வாரா என்பதே. இதனை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ஜான் ரேங்கின் என்னும் மருத்துவர் 1957இல் கிளாஸ்கோ நகரில் வகுத்தது, பின்னர் திருத்தப்பெற்றது. குறையொன்றும் இல்லாதவர் சுழியம். சிறு குறையிருந்தும் பழைய வேலைகளையெல்லாம் செய்பவர் 1. பழைய வேலைகள் சில இயலாவிடினும் குளித்து, உடுத்து, உண்டு, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்பவர் 2. பிறர் உதவி சிறிது வேண்டினும் தாமே நடப்பவர் 3. பிறர் துணையின்றி நடக்கவும் இயலாதவர் 4. படுக்கையிலேயே இருப்பவர் 5. இறந்தவர் 6. இக்கணக்கை எடுப்பது தொண்ணூறாம் நாளில்.

அவ்வைந்து ஆராய்ச்சிகளின் 1,287 நோயாளரையும் ஒருங்கே சேர்த்து ஆய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. தொண்ணூறாம் நாளில் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டவர், குழாய்வழிச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 46 பேர். மற்ற மருத்துவம் மட்டும் பெற்றோரில் 26.5 பேர். இரண்டு மூன்று பேருக்கு இச்சிகிச்சை செய்தால் ஒருவராவது அந்த ஏணியில் ஒரு படி நல்ல நிலையை அடைகிறார். மருத்துவத்தில் இத்துணைப் பயன் தரும் முறைகள் மிகச் சில.

ஆயினும் உண்மையின் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. சிகிச்சை பெற்றோரிலும் பாதிக்கு மேற்பட்டவர் பிறர் துணையின்றி வாழும் நிலையை எய்தவில்லை. இறந்தோர் தொகையும் இரு பிரிவிலும் பெரிதும் வேறுபடவில்லை; நூற்றுக்கு ஏறத்தாழ 15, 19 என்றே இருந்தது. இச்சிகிச்சையின் பெருங்கொடை, பிழைத்தவரைப் பிறர் கையை எதிர்பாராது வாழச் செய்வதே. கட்டி பெரிய குழாயில் இருப்பவர்க்கே இது பொருந்தும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்த 46 பேரில் ஒருவராவது எப்படி? முதல் விடை காலம். மருத்துவமனை வாயிலை அடைந்தது முதல் இரத்தம் மீண்டும் பாயும் வரை, ஒவ்வொரு நான்கு நிமிடத் தாமதத்திற்கும், நூறு பேரில் ஒருவர் மேலும் மோசமான நிலையை அடைகிறார் என்று அதே நோயாளரின் கணக்கிலிருந்து கண்டனர். மருத்துவமனைக்குள்ளேயே நான்கு நிமிடத்திற்கு இத்துணை விலை என்றால், வீட்டில் மகன் வரவுக்குக் காத்திருக்கும் எட்டு மணி நேரத்திற்கு என்ன விலை!

எனினும் காலம் கடந்தது என்று கைவிடுதலும் தவறு. உறங்கி எழும்போதே கைகால் விழுந்திருப்பவரும், நேரம் கழித்து வந்தவரும் உண்டு. அத்தகையோருள், மூளையிற் பெரும்பகுதி இன்னும் உயிருடன் இருப்பதாகப் படத்திற் கண்டவர்க்கு, 6 மணி முதல் 24 மணி வரையிலும் இச்சிகிச்சை உதவும் என்று 2018இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அதில் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டவர் நூற்றுக்கு 49 பேர். சிகிச்சை பெறாதோரில் 13 பேர். ஆகவே உடனே செல்க, பிந்தினும் செல்க.

நாம் வாழும் நகரின் நிலை என்ன? 2003 முதல் 2005 வரை கொல்கத்தாவில் 52,377 பேர் வாழும் பகுதிகளில் வீடு வீடாக ஆராய்ந்தனர். பாரிசவாயு கண்டவர்களுள் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாளுக்குள் இறந்தனர். குடிசைவாசி, மாடிவீட்டார் என்னும் வேறுபாட்டை இந்நோய் பெரிதும் பாராட்டவில்லை. காரணங்களுள் முதன்மையானது இரத்தக் கொதிப்பு. அதன்பின் நிலைமை வளர்ந்திருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் எடுத்த படத்தைக் கொல்கத்தாவின் பாங்கூர் நரம்பியல் நிலையத்து வல்லுநர் தொலைவிலிருந்தே பார்த்து வழிகாட்டும் 'ஸ்வாஸ்த்ய இங்கித்' என்னும் திட்டத்தை மேற்கு வங்க அரசு நடத்துகிறது. ஆயினும் ஊசி போடும் இடமெல்லாம் கட்டியை எடுக்கும் இடமாகா. இரவிலும் இவ்விரண்டும் செய்யும் மருத்துவமனை எது என்பதை, நலமாயிருக்கும் நாளிலேயே விசாரித்து வைத்தல் வேண்டும்.

இனி, நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடு. பெரும்பாலோர்க்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அங்கே அடைப்பு ஏற்பட்டால் பேச்சு அற்றுப்போகும். பிறர் சொல்வதும் விளங்காமற் போகலாம். "கையைத் தூக்குங்கள்" என்று வங்காளத்திலோ இந்தியிலோ சொல்லும்போது நம் பாட்டி வாளாவிருந்தால், அது நோயா, மொழி தெரியாமையா என்று மருத்துவர் எப்படி அறிவார்? பல மொழி அறிந்தவர் பேச்சிழந்தால், மிகப் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895இல் பீத்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லோரிடத்தும் அவ்வாறு நிகழ்வதில்லை எனப் பின்வந்தோர் கண்டனர். ஆயினும் தமிழிலேயே வாழ்ந்த முதியவர்க்குப் பேச்சுப் பயிற்சியும் தமிழில் நடக்க வேண்டாவா? அதற்குரிய தமிழர் இந்நகரில் நாம் அல்லாமல் வேறு யார்?

சிகிச்சை முடிந்து வீடு வந்தபின் எஞ்சிய நாட்கள் குடும்பத்தின் பொறுப்பு. தொண்டை நனையட்டும் என்று அன்போடு காப்பியோ நீரோ ஊற்றுவது நம் வழக்கம். விழுங்கும் ஆற்றலை மருத்துவர் சோதிக்குமுன் அது நுரையீரலுக்குட் சென்று உயிருக்கே ஊறு செய்யலாம். கைகால் பயிற்சியை நாள்தோறும் செய்விக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரையை உடம்பு தேறியதென்று நிறுத்தலாகாது. மனச்சோர்வு இந்நோயைத் தொடர்ந்து வருவது; அதனைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளுதல் கொடுமை.

அன்பர்களே! நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சிறு அட்டை தொங்கட்டும். முகம் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல் என்னும் மூன்று அறிகுறிகளும், செல்ல வேண்டிய மருத்துவமனையும், முதியோர் உண்ணும் மருந்துகளும் அதில் இருக்க வேண்டும். "கடைசியாக நலமாய்ப் பார்த்த மணி" என்று ஒரு வெற்றிடமும் இருக்க வேண்டும். உறக்கத்தில் வந்த நோய்க்கு, இரவு படுக்கப் போன மணியையே எழுதுக. இரண்டாவது, தமிழும் வங்காளமும் நன்கறிந்த இளைஞர் சிலர், நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்கு வர முன்வர வேண்டும். மூன்றாவது, நோயுற்றுத் திரும்பியவர் வீட்டிற்குத் தொண்ணூறு நாளும் முறை வைத்து ஒருவர் சென்று தமிழிற் பேசிவிட்டு வர வேண்டும்.

நாம் சொன்ன பெரியவர் இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார். சென்ற மாதம் நாம் போயிருந்தபோது, அவருடைய துணைவியார் அவர் காதருகே குனிந்து அவருடைய ஊரின் பெயரைச் சொன்னார். அவர் உதடு அசைந்தது. சொல் வரவில்லை, ஆனால் அசைந்தது. மறுநாளும் அவ்வம்மையார் சொல்லியிருப்பார். அவருக்குத் துணையாக நாமும் போவோம் என்று கூறி அமர்கிறோம்.