தோணி தந்த பாடம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரைத் தரிசிக்க, எழுவான்கரை மக்கள் நெடுங்காலம் மட்டக்களப்பு வாவியைத் தோணியிலும், 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையிலும் கடந்தனர். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அது சில நிமிடப் பயணமாயிற்று. ஆயினும் முன்னோர் சென்ற நீர்வழியை ஒருமுறையேனும் அறிய விரும்பி, சென்ற ஆடி மாதம் எங்களில் எண்மர் இரண்டு தோணிகளில் ஆரையம்பதிக் கரையிலிருந்து புறப்பட்டோம்.

"விடியமுன்னம் இறங்குங்க தம்பிமார், வெயில் ஏறினால் கச்சான் எழும்பும்" என்று தோணிக்காரப் பெரியவர் சொல்லியிருந்தார். நாங்களோ ஒன்பது மணிக்கே இறங்கினோம். அவர் தந்த மிதவை அங்கிகளையும், "இவை கோழைகளுக்கு" என்று நகைத்துக் கரையிலேயே விட்டோம்.

நடுவாவியில் கச்சான் எதிர்த்து வீசியது. வலியவர் தம் வலிமையைக் காட்டச் சவள் வலித்தனர், மற்றவர் சளைத்தனர். தோணி திரும்பிக் காற்றுக்குப் பக்கம் காட்டவே, அலை உள்ளே அடித்தது. அப்பொழுதுதான் முன்னால் இருந்த நண்பர், "எனக்கு நீந்தத் தெரியாது" என்றார்.

மூன்று ஆண்டுகள் ஒன்றாக விளையாடினோம். ஒன்றாகப் பஜனை பாடினோம். ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. எங்கள் கேலிக்கு அஞ்சி அவரும் சொன்னதில்லை. அந்த நகைப்பை எண்ணி நாங்கள் தலைகுனிந்தோம்.

அவர் கைக்கு ஏற்பவே எல்லோரும் சவள் போடுவதென முடிவு செய்தோம். அவரே "ஒன்று, இரண்டு" என்று எண்ணினார். தோணி நேராயிற்று. மற்றத் தோணியும் அருகே வர, காற்றை முதுகில் வாங்கிக் கரைக்குத் திரும்பினோம். மறுநாள் பேருந்தில் பாலத்தைக் கடந்து, அவருடன் சந்நிதியில் நின்றோம்.

அன்பர்களே! வலியவரின் வேகத்தால் கூட்டம் கரை சேராது. மெலிந்தவரின் கையோடு கை சேர்ந்தாலே சேரும். சந்தா கட்ட வசதியின்றி ஒதுங்குபவரும், தேவாரம் ஓதத் தெரியாமல் பின்வரிசையில் நிற்பவரும் நம் மன்றத்திலும் இருக்கலாம். அவர்கள் வாய் திறக்குமுன் நாமே அன்போடு கேட்போம். இளைஞர் யாவர்க்கும் நீச்சல் பழக்கும் பணியையும் இவ்வாண்டே தொடங்குவோம். நீச்சல் அறிந்த பெரியோர் முன்வந்து உதவுமாறு வேண்டி அமைகின்றோம்.