உட்கருவும் அதன் பதிவேடும்

கணிப்பொறியில் கடிதம் எழுத உதவும் நிரலும் பாட்டிசைக்கும் நிரலும் கருவியை நேரே தொடுவதில்லை. நினைவகத்தைப் பங்கிட்டு, நிரல்களுக்கு முறை வைத்து, வட்டையும் திரையையும் ஆள்வது இயங்குதளத்தின் உட்கருவாகிய 'கெர்னல்'. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய உட்கரு. 1992 முதல் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

திருத்தம் அனுப்புவோர், என்ன மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதுதல் வேண்டும். 2004 முதல் கையொப்பமாகத் தம் பெயரும் இடுகின்றனர். (கணக்கில் வழி எழுதாது விடை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு, சிலர்க்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை!) காரணம் எழுதப்படாவிடின், பத்தாண்டு கழித்து வருபவர் வேண்டாத வரியென்று அதனை நீக்கிவிடுவார், அடைத்த ஓட்டை மீண்டும் திறக்கும்.

மூலநிரலோடு 'மெயின்டெய்னர்ஸ்' என்றொரு பதிவேடும் உண்டு. எப்பகுதியை எவர் பேணுகிறார் என்பது அதில் காணப்படும். பேணுநர் விலகி வேறெவரும் முன்வராத பகுதிக்கு நேரே 'அநாதை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதுகிறார்கள். நிரல் அங்கேயே கிடக்கும், கேட்பாரில்லை. பின்னர் அது நீக்கப்படுவதும் உண்டு.

விளக்க ஏடுகளும் மூலநிரலுடனேயே வைக்கப்பட்டுள்ளன. நிரல் மாற, விளக்கம் மாறாது நின்றால், படிப்பவர் வழிதவறுவார். அத்தகைய பிழையொன்றைக் கண்டு திருத்துவதே புதியவர் பலர்க்கு முதற்பணியாகிறது. அதற்கும் காரணம் எழுதியே அனுப்புதல் வேண்டும்.