கதிரும் எழுத்தும்



உழைப்பார்க்கு உணவு என்னும் பொதுவுடைமைக் கொள்கையை நான் பழிப்பவனல்லேன். ஆயின் அதன் பெயரால் ஆண்ட இசுடாலின் அரசு உக்கிரேன் உழவர்க்கு இழைத்ததென்ன? 1932 ஆகத்தில் ஒரு சட்டம் பிறந்தது. கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினும் திருட்டே. அதற்குச் சாவு, அன்றேல் பத்தாண்டுச் சிறை! 1933 சனவரியில், பசித்தோர் ஊர்விட்டு வெளியேறும் வழியும் அடைபட்டது. வாரிச்சென்ற கூலத்தை அரசு அயல்நாடுகளுக்கு விற்றது. விளைத்தவருள் ஏறத்தாழ 35 முதல் 40 இலக்கம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலர் கணிப்பு. 1937-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஆட்குறை வெளிப்படவே, கணக்கை மறைத்தனர். கணக்கெடுத்த அலுவலரையும் சிறையிட்டனர்.

வயிற்றோடு நின்றதா அக்கொடுமை? 1928-ஆம் ஆண்டு எழுத்துமுறைக்கு ஒப்பளித்தவர், கல்வித்துறைத் தலைவராயிருந்த இசுக்கிரிப்பினிக்கு. அவரும் பொதுவுடைமைக் கட்சியினரே. பழிசுமத்தப்பெற்ற அவர், 1933 சூலையில் தம்மைத் தாமே சுட்டு மாய்ந்தார். அவ்வாண்டே உக்கிரேனிய நெடுங்கணக்கினின்று ஓரெழுத்தை நீக்கினர்! உருசிய மொழியில் இல்லை என்பதொழிய அவ்வெழுத்துச் செய்த குற்றம் யாது? எழுத்தறிவித்தே வாழ்பவன் நான். இச்செய்தியைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

1990-இல்தான் அவ்வெழுத்து மீண்டது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள், தம் தாய்மொழியின் அவ்வெழுத்தை எழுதிப் பழகியதேயில்லை.